அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு பொதுத் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்தில் இரண்டு நாள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு பொது இடத்தில் காய்கறி பயிரிடுகிறோம். இதைக் கேள்விப்பட்டு விசாரிக்கிறவர்கள் அநேகமாக ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

எனக்கே விவசாயம் தெரியாது. நான் எப்படிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியும்?

நான்கு பயிரை முளையிலிருந்து அறுவடை வரை ஒருமுறை நீங்களே வளர்த்துப் பார்த்திருந்தால் போதும். பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு பருவம், ஐந்தாறு தொட்டியில் ஒரு கீரை, முள்ளங்கி, தட்டைப்பயறு, வெண்டை என்று போட்டுப் பாருங்கள். இரண்டு தொட்டியாவது கெட்டுப்போகும். ஏன் கெட்டது என்று யோசித்ததுதான் பின்னால் சொல்லித்தருவதற்குக் கைகொடுக்கும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். "இந்த இலை ஏன் மஞ்சளாச்சு?" என்று ஒரு பிள்ளை கேட்டால், பதில் தெரிந்திருந்தாலும் நான் உடனே சொல்வதில்லை. "அடி இலையா, நுனி இலையா? மண் ஈரமா, காய்ந்திருக்கா? பக்கத்துச் செடி எப்படி இருக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். பாதி நேரம் பதிலை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பெரியவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகுவதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி. விவசாய அறிவு அதற்கு அடுத்ததுதான்.

எத்தனை வயசுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கலாம்? ஒருத்தர் எத்தனை பேரைச் சமாளிக்க முடியும்?

நான்கு வயதிலிருந்து வரலாம். ஆனால் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். பெரிய விதைகளை ஊன்றுவது, தண்ணீர் விடுவது, மண்புழு தேடுவது இவையெல்லாம் குட்டிகளுக்கு. ஏழு முதல் ஒன்பது வயது வரை உள்ளவர்கள் நாற்று நடுவார்கள், களை எடுப்பார்கள், செடியின் உயரத்தை அளந்து எழுதுவார்கள். பத்து வயதைத் தாண்டியவர்களிடம் பந்தல் கட்டுவதையும் கணக்கு எழுதுவதையும் ஒப்படைத்துவிடலாம்.

ஒரு பெரியவருக்கு ஐந்து அல்லது ஆறு பிள்ளைகள். அதற்கு மேல் போனால் சொல்லித்தருவது நின்று, கூட்டத்தை மேய்ப்பதுதான் நடக்கும். வயது வாரியாகப் பிரிக்காமல் கலந்தே வையுங்கள். போன பருவத்தில் கற்றுக்கொண்டவர் இந்தப் பருவம் இன்னொருவருக்குக் காட்டுவதைப் போல நம்மால் காட்ட முடியாது.

இடம் கொஞ்சம்தான் இருக்கு. எவ்வளவு இடம் வேணும்?

இடத்தை விட வெயில் முக்கியம். காய்க்கும் பயிர்களுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நான்கு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் கீரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவெடுக்கும் முன் ஒருநாள் முழுக்க, நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

பெரியவர்களுக்குப் பாத்தி நான்கு அடி அகலம் இருக்கலாம். இரண்டு பக்கமிருந்தும் கை நடுவரை எட்டும். பிள்ளைகளுக்கு இரண்டரை அடி, மிஞ்சினால் மூன்றடி. அதற்கு மேல் போனால் நடுவில் உள்ள களையை எடுக்க ஏறி மிதிப்பார்கள், மண் இறுகிவிடும். நடைபாதை இரண்டடி விடுங்கள். பாத்தியின் நீளம் எட்டு அடிக்குள் இருக்கட்டும், நீண்ட பாத்தியைச் சுற்றிவராமல் தாண்டிக் குதிப்பது பிள்ளைகளின் இயல்பு. இப்படி நான்கு பாத்தி போட்டால் பதினைந்து பேருக்கு வேலை இருக்கும்.

நகரத்து மண்ணுல விளைஞ்சதைப் பிள்ளைகள் சாப்பிடலாமா?

இதைத் தொடங்கும் முன்பே கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று விசாரியுங்கள். பழைய கட்டடத்தை இடித்த இடம், வண்டிப் பட்டறை, பேட்டரி உடைத்த இடம், குப்பை எரித்த இடம், பெருஞ்சாலை ஓரம் இவற்றில் எதுவாக இருந்தாலும் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பழைய பெயின்ட்டிலும் ஒருகாலத்துப் பெட்ரோலிலும் ஈயம் கலந்திருந்தது, மண்ணில் சேர்ந்த ஈயம் தானாக மறைவதில்லை. வளரும் மூளையை அது பாதிக்கும். சாதாரண மண் பரிசோதனையில் சத்து மட்டும்தான் பார்ப்பார்கள். கன உலோகமும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் தரையில் பயிரிடாதீர்கள். தடித்த துணி விரித்து, ஓர் அடி உயரத்துக்கு மேடைப் பாத்தி கட்டி, நல்ல மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்புங்கள். தக்காளி, வெண்டை போன்ற காய்களுக்குள் ஈயம் ஏறுவது மிகக் குறைவு. கீரையிலும் கிழங்கிலும் ஒட்டியிருக்கும் மண்ணோடு சேர்ந்துதான் அதிகம் வரும். அதைவிடப் பெரிய வழி, புழுதி படிந்த விரலை வாயில் வைப்பது. அதனால் நடைபாதையையும் மரத்தூளோ காய்ந்த இலையோ போட்டு மூடுங்கள். கிளம்பும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும்.

முதல்ல என்ன போடலாம்? எல்லாப் பிள்ளையும் தக்காளிதான் கேக்குது.

தக்காளியும் போடுங்கள். ஆனால் அது மட்டும் என்றால் விதைத்து நூறு நாள் வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டும், அதற்குள் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள். ஒரே நாளில் பல கால அளவில் விளைவதைச் சேர்த்து விதையுங்கள். தட்டைப்பயறு மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும். சிறுகீரையும் முள்ளங்கியும் 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். வெண்டை 45 நாளுக்கு மேல் காய்க்கத் தொடங்கும். பூசணி மூன்று மாதத்துக்கு மேல். ஒன்று முடியும்போது அடுத்தது வந்துகொண்டே இருக்கும்.

தட்டைப்பயறை நான் விடுவதே இல்லை. மூன்றாம் நாள் காலையில் பாத்தியில் குனிந்து பார்த்தால் மண்ணில் ஒரு விரிசல் தெரியும். மறுநாள் அந்த விரிசலில் ஒரு வளைந்த வெள்ளைக் கழுத்து. தலையை மண்ணுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, முதுகால் மண்ணை முட்டித் தள்ளும். சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிடும், இரண்டு பருப்பையும் தலையில் சுமந்துகொண்டு. ஒருமுறை அதைப் பார்த்த ஆறு வயதுப் பையன் ஒருவன் பாத்தி முன்னால் உட்கார்ந்தபடியே கழுத்தை வளைத்து நிமிர்த்தி அது எப்படி வருகிறது என்று செய்து காட்டினான். அவனுக்கு முளைப்பைப் பற்றி அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

விதையை எவ்வளவு ஆழத்துல போடணும்? இவங்க ஒரே குழியில கைநிறைய அள்ளிப் போடுறாங்க.

விதையின் தடிமனைப் போல இரண்டு மடங்கு ஆழம். பயறு, வெண்டைக்கு விரலின் முதல் கணு வரை குத்தினால் சரியாக இருக்கும். கீரை விதை கடுகை விடச் சிறியது, அதைப் புதைக்கவே வேண்டாம். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு காய்ந்த மணல் கலந்து கொடுங்கள். அள்ளி வீசினாலும் பெரும்பாலும் மணல்தான் விழும்.

இடைவெளிக்கு ஒரு கயிறு எடுத்து முடிச்சுப் போட்டு வையுங்கள். பாத்தியின் மேல் இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு ஒரு விதை. அப்படியும் நெருக்கமாக முளைத்தால் கலைத்துவிட வேண்டும். "உயிரோட இருக்கிறதைப் பிடுங்கவா?" என்று தயங்குவார்கள். இரண்டு அடி நீளத்தைக் கலைக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் இரண்டு பக்க முள்ளங்கியையும் பிடுங்கி அருகருகே வைத்துப் பார்த்தால் தயக்கம் போய்விடும்.

இன்னும் முளைக்கவே இல்லை. பிள்ளைங்க தினமும் தோண்டித் தோண்டிப் பார்க்குறாங்க.

தோண்டிப் பார்க்கட்டும், ஆனால் அதற்கென்று ஓர் ஓரம் ஒதுக்குங்கள். அங்கே ஊன்றியதைத் தினம் ஒன்றாக எடுத்துப் பார்க்கலாம், மற்றதைத் தொடக்கூடாது. ஒரு கண்ணாடிப் பாட்டிலின் உள்பக்கம் ஈரக் காகிதத்தைச் சுற்றி, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே பயறைச் செருகி வைத்தால் வேர் இறங்குவது வெளியிலிருந்தே தெரியும்.

முளைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் பழைய விதை, அதிக ஆழம், எறும்பு, பறவை, மேல் மண் இறுகிப்போனது இவற்றில் ஒன்று. விதைப்பதற்கு முன்பே பத்து விதையை ஈரத் துணியில் முடிந்து வைத்து எண்ணிப் பாருங்கள். எட்டு முளைத்தால் நல்ல விதை. ஐந்துதான் என்றால் இரட்டிப்பாக ஊன்றுங்கள். இரண்டு என்றால் வேறு விதை தேடுங்கள்.

தண்ணி ஊத்துறதுக்குச் சண்டை. ஒரே செடிக்கு அஞ்சு பேர் ஊத்தி, செடி அழுகிப்போச்சு.

எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான். "இன்னைக்குத் தண்ணி ஊத்தணுமா?" என்பதை முடிவு செய்யும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் வாரம் ஒருவராகக் கொடுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டினால் வேண்டாம், ஒட்டாவிட்டால் ஊற்றலாம் என்று சொல்ல வேண்டியது அவர் வேலை. பெரியவர்கள் குறுக்கிடக்கூடாது, தவறாகச் சொன்னாலும்.

சின்னஞ்சிறு நாற்று தண்டின் அடியில் கறுத்து மடிந்து விழுந்தால் அது நாற்றழுகல். ஈரம் அதிகமாகி, நெருக்கமாகவும் இருந்தால் வரும் பூஞ்சை நோய். வந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது, மிச்சத்தைக் காயவிடுங்கள். பூவாளி சிறியதாக வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ கனம். இருபது கிலோ எடையுள்ள பிள்ளையின் கையில் ஐந்து லிட்டர் பூவாளி கொடுத்தால் அதைத் தூக்கி நிதானமாகச் சாய்க்க முடியாது, மொத்தமாகக் கவிழும். மூடியில் துளை போட்ட ஒரு லிட்டர் பாட்டில் போதும்.

தண்ணி பிடிச்சு வைக்க டிரம் வைக்கலாமா?

பூட்டக்கூடிய மூடியுடன் என்றால் வைக்கலாம், திறந்தபடி வேண்டவே வேண்டாம். சிறு குழந்தை மூழ்க ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டியதில்லை. வாளியில் மிச்சம் இருப்பதையும் கிளம்பும்போது கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்துக் கழுவியாக வேண்டும்.

ஆளுக்கொரு பாத்தியா, எல்லாருக்கும் பொதுவா?

இரண்டும் வேண்டும். சிறு குழந்தைகளின் பள்ளிக்கு 'குழந்தைகள் தோட்டம்' என்று பொருள்படும் பெயரை 1840ல் வைத்த ஜெர்மன் கல்வியாளர் ஃபிரெடரிக் ஃபுரோபெல், பிள்ளைகளுக்கு உண்மையான தோட்டமே அமைத்தார். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி, அதோடு எல்லோருக்கும் சேர்த்துப் பொதுப் பாத்தி. இத்தனை வருஷம் கழித்தும் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

சொந்தப் பாத்தி ஓர் அடிக்கு ஓர் அடி இருந்தால் போதும். அதில் என்ன போடுவது என்பது அந்தப் பிள்ளையின் முடிவு, அதை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு பெண் தன் கட்டத்தில் ஒரே ஒரு பூசணி விதையை ஊன்றினாள். கொடி மற்ற எல்லார் கட்டத்துக்கும் போனது. வெட்டுவதா, பாதைப் பக்கம் திருப்பிவிடுவதா என்று பிள்ளைகள் அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் திருப்பிவிட்டார்கள், அதற்கு விலையாக முதல் காயில் எல்லோருக்கும் பங்கு என்று பேசி முடித்தார்கள். முன்கூட்டியே நான் "பூசணி வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

களைக்கொத்து, கத்தரிக்கோல் எல்லாம் கையில குடுக்கலாமா?

கொடுங்கள். பிளாஸ்டிக் பொம்மைக் கருவி மண்ணில் இறங்காது, இறங்காத கோபத்தில்தான் வீசி எறிவார்கள். அளவில் சிறிய, உண்மையான இரும்புக் கருவி வேண்டும். எங்கள் விதிகள் மூன்றுதான். முனை எப்போதும் தரையைப் பார்க்க வேண்டும், ஓடும்போது கையில் கருவி இருக்கக்கூடாது, இரண்டு கை நீட்டினால் யார் மேலும் படாத இடத்தில்தான் வேலை. அரிவாளும் கடப்பாரையும் பெரியவர்களுக்கு மட்டும்.

வந்தவுடனும் கிளம்பும்போதும் கருவிகளை எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். டெட்டனஸ் ஊசி யார் யாருக்குப் போட்டிருக்கிறது என்பதைச் சேரும்போதே வீட்டில் கேட்டு எழுதி வையுங்கள். கூடவே ஒவ்வாமைகளையும் கேளுங்கள். தேனீ கொட்டினால் மூச்சுத் திணறும் பிள்ளை ஒருவர் இருந்தாலும், என்ன மருந்து, யாரைக் கூப்பிடுவது என்பது தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பூச்சி வந்தா என்ன அடிக்கிறது?

முதலில் பார்க்க வேண்டும். அவரைக் கொழுந்தில் கறுப்பாக மொய்த்திருப்பது அசுவினி. அதன் நடுவே கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை போல ஒன்று ஊர்ந்தால் அது பொறிவண்டின் புழு, அசுவினியைத் தின்ன வந்தது. வளர்ந்த பொறிவண்டு மாதிரி துளிகூட இருக்காது, அதனால் பாவம், முதலில் நசுக்கப்படுவது அதுதான். ஒரு பூதக்கண்ணாடி வாங்கிப் போடுங்கள், இதற்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

அசுவினிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அதற்கும் போகாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, பிள்ளைகள் போன பின், பெரியவர் தெளிக்க வேண்டும். இரசாயனப் பூச்சிக்கொல்லி பிள்ளைகள் புழங்கும் இடத்தில் கூடவே கூடாது. "இயற்கைதானே" என்று சிலர் புகையிலைக் கரைசல் சொல்வார்கள். நிகோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் நஞ்சு, அதையும் விட்டுவிடுங்கள்.

புழுவைக் கொல்லக் கூடாதுன்னு ஒரு குழந்தை அழுதுச்சு. என்ன சொல்றது?

அந்தக் குழந்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று தட்டிவிட்டால் அந்தக் குழந்தை அடுத்து எதையும் உங்களிடம் சொல்லாது. எங்கள் தோட்டத்தில் ஓரமாக இரண்டு செடியைப் புழுக்களுக்கென்றே விட்டிருக்கிறோம். மற்றதிலிருந்து பொறுக்கும் புழுவை அங்கே கொண்டுபோய் விட விரும்புகிறவர்கள் விடலாம். ஒன்றிரண்டைக் காற்றோட்டமுள்ள டப்பாவில் அதே இலையைப் போட்டு வளர்த்துப் பார்த்தோம். கூட்டுப்புழு ஆகி, ஒரு காலை சாம்பல் நிற அந்துப்பூச்சி வெளியே வந்தது.

ஆனால் பாத்தி முழுக்க மொய்த்துவிட்டால் சில புழுக்கள் சாகத்தான் வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காதீர்கள். உணவு விளைவிப்பதில் அது உண்டு. அந்த வேலையை யார் மேலும் திணிக்காமல் நானே செய்கிறேன்.

படிக்கிற நேரம் வீணாகுதுன்னு பெற்றோர் சொல்றாங்க. இதுல பாடம் எங்கே இருக்கு?

அவர்களை ஒரு நாள் நேரில் வரச் சொல்லுங்கள். பூத்த தட்டைப்பயறுச் செடி ஒன்றை வேர் அறுபடாமல் தோண்டி எடுத்து, மண்ணைத் தண்ணீரில் அலசுங்கள். வேரில் மிளகு அளவில் முடிச்சு முடிச்சாக இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. சிவப்புக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவு. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதைப் பார்த்த பிள்ளைகள் எல்லாச் செடியையும் பிடுங்கப் பார்ப்பார்கள், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

பூசணிப் பூவில் ஆண் எது பெண் எது என்று காட்டுங்கள். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் முதலிலேயே இருக்கும். விடியற்காலை விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். தேனீ வராத இடத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவைக்கலாம், நான்கு நாளில் காய் பெருக்கிறதா இல்லை அழுகி விழுகிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றையும் பாடமாக்கிக் கேள்வி கேட்காதீர்கள். சும்மா மண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் தோட்ட வேலைதான் செய்கிறது.

சாணம், எரு எல்லாம் பிள்ளைகள் தொடலாமா?

நன்றாக மக்கியது என்றால் தொடலாம். அது மண்வாசனை அடிக்கும், கையில் உதிரும். பச்சைச் சாணத்தில் நோய்க்கிருமிகள் இருக்கலாம், பிள்ளைகள் கையாள வேண்டாம். பாத்தியில் போட்டாலும் மண்ணைத் தொடும் பயிர்களுக்கு 120 நாளும் மற்றதற்கு 90 நாளும் இடைவெளி விட்டுத்தான் அறுவடை செய்யலாம் என்பது இயற்கை வேளாண்மையில் பின்பற்றப்படும் ஒரு விதி. பூனை அசுத்தம் செய்யாதபடி வெற்றுப் பாத்தியை மூடி வையுங்கள், அதிலிருந்தும் தொற்று வரும்.

மக்குக் குழி தனியாகப் போடுங்கள். இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலைக்கு ஒரு பங்கு காய்கறித் தோல். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், காய்ந்ததைச் சேர்த்துக் கிளறுங்கள். நல்ல பெரிய குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேறும். குளிர்ந்த காலையில் கிளறும்போது எழும் ஆவியைப் பார்க்கப் பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுவார்கள்.

பறிச்சதை அப்படியே வாயில போட்டுக்குறாங்க. ஆபத்தா?

"கேட்டுவிட்டுத் தின்" என்பதை முதல் நாளே பழக்குங்கள். ஆமணக்கு, அரளி, ஊமத்தை இவை தோட்டத்திலும் வேலியிலும் இருக்கவே கூடாது. தக்காளி, உருளைக்கிழங்குச் செடியின் இலைகளைத் தின்னக் கூடாது, பச்சை ஏறிய உருளைக்கிழங்கும் கூடாது. சிவப்பு ராஜ்மா வேகாமல் வாயில் போட்டால் வாந்தி எடுக்க வைக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாதது. சுரை, பூசணி, வெள்ளரி இந்த வகைக் காய் ஒன்று வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் உடனே துப்பிவிட்டு, காய் முழுவதையும் தூக்கிப் போட வேண்டும். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. கசப்பே இயல்பான பாகலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. மற்றபடி, கழுவிய முள்ளங்கியைப் பாத்தி ஓரத்திலேயே கடித்துத் தின்பதை நான் தடுப்பதில்லை.

பத்து வெண்டைக்காய், பதினெட்டுப் பிள்ளைகள். எப்படிப் பங்கு போடுறது?

பிள்ளைகளையே கேளுங்கள். எங்களிடம் மூன்று முறை வழி மாறியது. முதலில் துண்டு போட்டு எல்லோருக்கும் கொடுத்தோம், யாருக்கும் திருப்தி இல்லை. அப்புறம் சீட்டுக் குலுக்கினோம், ஒரே பையனுக்கு இரண்டு வாரம் விழுந்து அழுகை வந்தது. இப்போது பெயர்ப் பட்டியல் ஒன்று தொங்குகிறது. வரிசைப்படி ஒரு வாரத்து வெண்டை முழுதும் மூன்று வீட்டுக்குப் போகிறது, அடுத்த வாரம் அடுத்த மூன்று. ஒரு வேளைச் சமையலுக்கு ஆகிற அளவு வீட்டுக்குப் போனால்தான் அந்தப் பிள்ளைக்குத் தான் விளைவித்தது உணவு என்று படுகிறது. சொந்தக் கட்டத்தில் விளைந்தது எப்போதும் அந்தப் பிள்ளைக்கே.

யாரோ ராத்திரியில பறிச்சுட்டுப் போயிட்டாங்க. பிள்ளைங்க அழுறாங்க.

எங்களுக்கும் நடந்தது. பறிக்கத் தயாரான பூசணி காணாமல் போனது, அதே பெண்ணின் கொடியில் இருந்ததுதான். அன்று வேலை எதுவும் செய்யவில்லை, உட்கார்ந்து பேசினோம். பூட்டுப் போடலாம் என்றார்கள், பொது இடத்தில் அது நடக்காது. பெரிய பையன் ஒருவன், வேலியோரம் ஒரு வரிசையை யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடலாம் என்றான். பலகையில் எழுதியும் வைத்தார்கள். திருட்டு முற்றிலும் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. காய் முற்றும்வரை விடாமல் ஒருநாள் முன்னதாகவே பறிப்பதும் உதவும்.

ஒரு குழந்தையோட செடி செத்துப்போச்சு. அவளுக்குத் தெரியாம வேற செடி நட்டுடட்டுமா?

வேண்டாம். தன் செடியின் ஒவ்வொரு இலையும் அவளுக்குத் தெரியும், கண்டுபிடித்துவிடுவாள். செத்த செடியைச் சேர்ந்து தோண்டிப் பாருங்கள். வேர் பழுப்பாகக் கொழகொழத்திருந்தால் தண்ணீர் அதிகம், காய்ந்து நார் நாராக இருந்தால் தண்ணீர் போதவில்லை, கடித்திருந்தால் மண்ணுக்குள் புழு. அதன் பிறகு மறுபடி விதைப்பதா, கொஞ்ச நாள் அப்படியே விடுவதா என்று அவளே சொல்லட்டும். நான் பார்த்தவரை இரண்டாவது செடியைத்தான் பிள்ளைகள் அதிகக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

என் பையன் சக்கர நாற்காலியில இருக்கான். வரலாமா? இன்னொருத்தி மண்ணைத் தொடவே மாட்டா.

இருவரும் வரலாம். சக்கர நாற்காலிக்கு, முழங்கால் அடியில் நுழையும்படி இரண்டே கால் அடி உயரத்தில் மேசை போன்ற பாத்தி, கெட்டியான நான்கடி அகலப் பாதை. உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரம் குறைவு என்பதால் பாத்தியைக் குறுகலாக வையுங்கள். மண் பிடிக்காத பிள்ளைக்குக் கையுறை கொடுங்கள், இல்லை அளப்பது, எழுதுவது, பறிப்பது என்று கொடுங்கள். கட்டாயப்படுத்தாதீர்கள்.

பாதுகாப்புக்கு வேற என்ன பார்க்கணும்?

எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. இது எனக்கும் சேர்த்துத்தான். வீட்டாரின் எழுத்துச் சம்மதம், அவசரத்துக்கு ஒரு எண், யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்ற விவரம் மூன்றும் வாங்குங்கள். கேட்காமல் படம் எடுத்துப் பகிராதீர்கள்.

பரீட்சை, விடுமுறைன்னு மூணு வாரம் யாரும் வரலைன்னா?

நாட்காட்டியிலிருந்து பின்னோக்கி எண்ணி விதையுங்கள். விடுமுறைக்கு முந்தின வாரம் முள்ளங்கியும் கீரையும் முடிந்துவிட வேண்டும். வெண்டையை இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் முற்றிக் காய்ப்பு குறையும், அதற்கு அக்கம்பக்கத்தில் ஒருவரைச் சொல்லி வையுங்கள், பறித்தது அவருக்கே. மூன்று விரல் தடிமனுக்குக் காய்ந்த இலை மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும்.

நாங்களே விதை எடுத்து வைக்கலாமா? போன தடவை காய் வேற மாதிரி வந்துச்சு.

கலப்பின விதையிலிருந்து விளைந்த காயில் எடுத்த விதை தாயைப் போல வராது. பொட்டலத்தில் எஃப்1 என்று இருந்தால் அதில் விதை எடுக்க வேண்டாம். நாட்டு ரகம் என்றால் எடுக்கலாம். தட்டைப்பயறும் தக்காளியும் பெரும்பாலும் தம் மகரந்தத்திலேயே காய்ப்பதால் தொடக்கத்துக்கு ஏற்றவை. தக்காளி விதையைச் சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, மேலே உள்ள கொழகொழப்பு கரைந்ததும் அலசி நிழலில் காயவையுங்கள். பயறைச் செடியிலேயே நெற்று காய்ந்து கலகலக்கும்வரை விடுங்கள்.

சுரை, பூசணி வகையில் மட்டும் பிள்ளைகளோடு விதை எடுக்காதீர்கள். தேனீக்கள் பக்கத்தில் உள்ள காட்டுவகை, அலங்காரவகைக் கொடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். அந்த விதையிலிருந்து வரும் காய்தான் மேலே சொன்ன கசப்போடு வரக்கூடியது. மற்ற விதைகளைக் காகித உறையில் போட்டு, பயிர், தேதி, எடுத்த பிள்ளையின் பெயர் மூன்றையும் எழுதி, ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். அடுத்த பருவம் ஈரத் துணியில் பத்து விதை முடிந்து எண்ணிப் பார்ப்பது, உறையில் பெயர் உள்ள பிள்ளையின் வேலை.